விசிறிக்குப் பின்னால் இரண்டு குரல்

போன மாதம் ஒலிப்பதிவுக் கூடத்தில் உங்களில் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே என்னிடம் கேட்டாள். "அம்மா, அந்தக் கார்ட்டூன் முயலுக்கு இத்தனை வருஷமா நான்தான் பேசறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை என்கிட்டயே வந்து முயல் மாதிரி பேசிக் காட்டுது. அது நான்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. பேரும் போடறதில்ல. எதுக்கும்மா இந்தத் தொழில்?"

அன்றைக்கு எனக்குப் பல்வலி. "தண்ணி குடிச்சிட்டு அடுத்த டேக் போ" என்று துரத்திவிட்டேன். இப்போது பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பொறுமையாகப் பதில் சொல்கிறேன். அவளுக்கு மட்டுமில்லை, குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு காக்காய்க்கும் கரடிக்கும் பேசிவிட்டு, வெளியே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற உங்கள் எல்லோருக்கும்தான்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: நான் மேடையில் ஒரு நாளும் ராணியாக நின்றதில்லை. ராணியின் புடவையை மிதித்துவிட்டுத் திட்டு வாங்குகிறவளாக நின்றிருக்கிறேன். வேலைக்காரி, பூக்காரி, வம்புக்காரி, காது கேட்காத சம்பந்தியம்மாள். அந்தக் காலத்தில் நாடகம் பார்க்க வந்த ஜனங்கள் கதாநாயகிக்காக அழுதார்கள். வீட்டுக்குப் போகும்போது என்னைப் போலப் பேசிக்கொண்டு போனார்கள். இதில் எது பெரிது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. அப்பா பட்டு நெய்பவர். புடவையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் சேர்த்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். அதற்கு ஓர் ஆள் போதாது. உடலை அப்பா நெய்தால், ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை விட இன்னோர் ஆள் வேண்டும். பட்டு இழையைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஓடுகிற மரத்துண்டுதான் நாடா. எங்கள் வீட்டில் அந்த ஓரத்து ஆள் நான். ஒவ்வொரு தடவை நாடாவை விட்டதும் "விட்டாச்சிப்பா!" என்று கத்தவேண்டும். அதைக் கேட்டபிறகுதான் அப்பா அடுத்த இழைக்குப் போவார்.

கத்துவது லேசான காரியமில்லை. தறிச் சத்தம் கனமானது. பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் ஏறிக் கத்தினால் தொண்டை கிழிந்துவிடும். இரண்டு சத்தத்துக்கு நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்து போகிற மாதிரி மெல்லிசாகக் கீச்சென்று கத்தவேண்டும். அப்படி ஒரு குரலை நானே கண்டுபிடித்தேன். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்த அம்மாள், எங்கள் கதவுக் கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

எங்கள் ஊரில் ஒரு நாடகக் குழு இருந்தது. அதன் தலைவரை எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். தெருக்குழாயில் நான் ஒருத்தியோடு சண்டை போட்டதை அவர் நின்று முழுசாகக் கேட்டிருக்கிறார். விலக்கிவிடவில்லை. சண்டை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ண எனக்குக் குடுங்க" என்றார். அப்பா நெய்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தார். "நாடகத்துக்குக் கேட்டேங்க" என்று வாத்தியார் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

நான் ஒரு வேளை பட்டினி கிடந்து, இரண்டு நாள் பேசாமல் இருந்து, அப்பாவைப் பாதி சம்மதிக்க வைத்தேன். பாதிதான். அப்பா சொன்னது இது: "பொம்பளப் புள்ள மேடை ஏறினா தெரு பேசும். பேசட்டும். ஆனா அது கண்ணியமான எடமான்னு நானே பாக்கணும். இப்போதைக்கு ஒத்திகைக்குப் போ. வர அமாவாசைக்கு நானே வந்து நாடகத்தப் பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன், நீ போலாமா வாணாமான்னு."

எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. அதனால்தான் நாடகமும் அமாவாசையன்றே நடக்கும். அதுவரை தறி ஓரத்தில் என் இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். அப்பா வந்து பார்த்து வேண்டாமென்று சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் நான் திரும்ப அதே ஓரத்தில் உட்காரவேண்டியதுதான். அப்புறம் கல்யாணம், அப்புறம் இன்னொருவர் வீட்டுத் தறி. எனக்கு நடிக்கவேண்டும். இதைவிட அலங்காரமாக அந்த ஆசையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அமாவாசை வந்தது. கதாநாயகி அம்மாள் சென்னையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். பெரிய நடிகை, அவர் பெயருக்காகவே கொட்டகை நிரம்பும்; ஒத்திகைக்கும் சில நாள் வந்துபோயிருந்தார். பஸ் ஐயம்பேட்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பஸ்ஸை மாற்றி ஏற்றிவிடுவதில் கண்டக்டரோடு அந்த அம்மாளுக்குத் தகராறு. பஸ்ஸிலிருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே வாதாடியிருக்கிறார். வழக்கு ஜெயித்தது. குரல் போய்விட்டது. கொட்டகைக்கு வந்து இறங்கியபோது அவர் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

பின்பக்கம் ஒரே அமளி. பனங்கற்கண்டு கொண்டுவா என்றார் ஒருவர். எங்கள் கோயில் இட்லியில் மிளகும் சுக்கும் போடுவார்கள், அது தொண்டையைத் திறந்துவிடும் என்று இன்னொருவர் ஒரு தூக்கு நிறைய இட்லி கொண்டுவந்தார். அந்த அம்மாள் பசியில் நன்றாகவே சாப்பிட்டார். இட்லி தீர்ந்தது, தொண்டை திறக்கவில்லை. முன்பக்கம் தெருவே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டது. திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அப்பா. நெய்த புடவையை வெளிச்சத்தில் பிடித்து அறுந்த இழையைத் தேடும்போது இருக்கிற அதே முகம்.

வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒத்திகைல அந்தம்மா பின்னால நின்னுக்கினு அவங்கள மாதிரியே பேசி எல்லாரையும் சிரிக்க வெச்சிக்கினு இருந்தியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் பிடிபட்டேன். "இனிமே பண்ண மாட்டேன் வாத்தியாரே."

"இன்னிக்குப் பண்ணுடி! நாடகம் பூரா பண்ணு!"

கதையில் அந்த அம்மாள் பெரிய பண்ணை வீட்டு எஜமானி. புருஷனை இழந்தவர், ஏமாற்றுக்கார மைத்துனனிடமிருந்து சொத்தைக் காப்பாற்றுகிறவர். நான் அவர் பின்னால் நின்று பனையோலை விசிறியால் விசிறுகிற வேலைக்காரி. எங்கள் இருவர் தலைக்கும் நடுவில் மேலேயிருந்து ஒரு மைக் தொங்கும். வாத்தியார் திட்டம் சுலபமானது. எஜமானி வாயை அசைப்பார். நான் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் குரலில் பேசவேண்டும்.

"சரி வாத்தியாரே, என் வசனத்த யார் பேசுவா?"

"நீதான் பேசணும். விசிறிய எறக்கினா வேலைக்காரி, ஏத்தினா எஜமானி. இதுல இன்னா கஷ்டம்?" சொல்கிறவருக்கு எல்லாமே சுலபம்.

அந்த அம்மாளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. வெளியே தெரிந்தால் அவர் பிழைப்பு என்ன ஆவது? கடைசியில் வாத்தியார் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கற்பூரம் ஏற்றி, இந்த விஷயத்தைப் பெற்றவர்களிடம்கூடச் சொல்லமாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கிள்ளினார். கண்ணியமாகப் பேசு என்று அர்த்தம்.

முதல் இரண்டு காட்சி நன்றாகவே போனது. அந்த அம்மாள் பேசுவதற்கு முன்னால் வலது தோளைக் கொஞ்சம் உயர்த்துவார். தோள் ஏறினால் விசிறி ஏறும், என் குரல் மாறும். எனக்கு இது பழகின வேலைதான். ஒருத்தர் நெய்ய, ஓரத்தில் உட்கார்ந்து நாடா விடுவது எனக்குத் தெரியாதா? எஜமானி பேச்சைக் கேட்டு ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். வேலைக்காரி பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பா இரண்டும் செய்யவில்லை.

மூன்றாவது காட்சிதான் உயிரான காட்சி. மைத்துனன் வீட்டுக்குள் வந்து சத்தம் போடுகிறான். நான் குறுக்கே விழுந்து, வீட்டில் அவன் திருடித் தின்றதையெல்லாம் மூச்சுவிடாமல் அடுக்கவேண்டும். அது முடிந்த அடுத்த நொடி எஜமானி எழுந்து வாசலைக் காட்டி, "இந்த வாசப்படியை இனி மிதிக்காதே. வெளியே போ!" என்று சொல்லவேண்டும். ஊரே காத்திருக்கிற வசனம்.

நான் அடுக்கினேன். சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கொஞ்சம் சுற்றியது, அதுதான் உண்மை. தோள் ஏறியது. விசிறி ஏறியது. குரல் மட்டும் மாறவில்லை. அந்த அம்மாள் ஆறடி உயர அம்மன் சிலை மாதிரி நின்று விரலை நீட்டி வாயைத் திறக்க, உள்ளேயிருந்து என்னுடைய கீச்சுக்குரல் வந்தது. "இந்த வாசப்படியை இனி மிதிக்காதே. வெளியே போ!"

கொட்டகை அப்படியே அடங்கிப்போனது. மைத்துனனாக நடித்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கவாட்டில் வாத்தியார் திரைக் கயிற்றைப் பிடித்துவிட்டார். அந்தத் திரை விழுந்தால் நாடகம் முடிந்தது, அதோடு நானும் முடிந்தேன். விசிறி ஓரத்தில் அப்பா தெரிந்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். ஒரே ஒரு நிமிஷம் விட்டால் அவருக்குப் புரிந்துவிடும்.

நான் விசிறியை இறக்கினேன். மோவாயில் கையை வைத்தேன். "ஏம்மா, நாலு பேர் முன்னால என்னிய மாதிரியே பேசிக் காட்றீங்களே, ஞாயமா? என் கொரலு இன்னா அவ்ளோ கீச்சாவா இருக்குது?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் பத்துப் பேர். எஜமானி வேண்டுமென்றேதான் வேலைக்காரியைக் கேலி செய்தார் என்று ஜனங்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். எனக்குத் துணிச்சல் வந்தது. "அப்ப நானும் உங்கள மாதிரி பேசிக் காட்டவா?" என்றேன். வலது தோளை உயர்த்தினேன். விசிறி இல்லாமல், எல்லோரும் பார்க்க, என் சொந்த வாயால், அந்த அம்மாளின் குரலில் அதே வசனத்தைச் சொன்னேன். அன்றைக்கு விழுந்த கைதட்டலை அதற்குப் பிறகு நான் அதிகம் கேட்டதில்லை. மைத்துனன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று நிஜமாகவே ஓடிப்போனார்.

அந்த அம்மாளும் லேசுப்பட்ட நடிகை இல்லை. சட்டென்று புரிந்துகொண்டு, சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்து, என் விசிறியைப் பிடுங்கித் தலையில் செல்லமாக ஒரு போடு போட்டார். ஆனால் கைதட்டலில் மயங்கி விசிறியைத் திருப்பித் தர மறந்துவிட்டார். மீதி நாடகம் முழுக்க நான் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டே எஜமானிக்குப் பேசினேன். ஏன் அழுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலைக்காரி அழுவதற்குக் காரணமா வேண்டும்?

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தப்பு நடந்தால் உடனே திரையை இழுக்காதீர்கள். அதைத் தூக்கி நடு மேடையில் வைத்து, 'இது என்னுடையதுதான்' என்று சொல்லிப்பாருங்கள். ஜனங்கள் நல்லவர்கள். அவர்கள் சிரிக்கத்தான் வந்திருக்கிறார்கள், சோதிக்க வரவில்லை.

சோதிக்க வந்த ஒருவர் மட்டும் நாடகம் முடிந்ததும் பின்பக்கம் வந்தார். அப்பா அந்த அம்மாள் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். அந்த அம்மாளால் பதில் சொல்ல முடியுமா? மெல்லச் சிரித்துத் தலையை மட்டும் அசைத்தார். அப்பா உருகிப்போய்விட்டார். வீட்டுக்கு நடக்கும்போது, "இன்னா அடக்கம் பாத்தியா? அவ்ளோ பெரிய நடிகை, ஒரு வார்த்தை பேசல!" என்றார்.

"ஆமாம்பா."

"உன்ன மாதிரி பேசிக் காட்டினாங்களே, அப்பப்பா! கண்ண மூடிக்கினு கேட்டா நீயேதான்."

"ஆமாம்பா."

"கோச்சிக்காதம்மா. நீ அவங்கள மாதிரி பேசினதுதான் அவ்ளோவா ஒட்டல. கரை தனியா ஒடம்பு தனியா நின்னுது."

நான் வாயைத் திறந்தேன். கற்பூரம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

"பரவால்ல, போகப் போக வரும். அந்தம்மா மாதிரி கண்ணியமானவங்க இருக்கற எடத்துக்கு நீ தாராளமாப் போலாம். அவங்ககிட்ட கத்துக்கோ."

இப்படித்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. என் குரலைக் கேட்டு மயங்கித்தான் அப்பா என்னை விட்டார், ஆனால் அது என் குரல் என்று அவருக்குத் தெரியாது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் என் நாடகம் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்குது. ஆனா இன்னும் அந்தம்மா அளவுக்கு வரல" என்பார். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் வலிக்கும். பெற்ற அப்பாவுக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லையே என்று வலிக்கும். இப்போது அந்த அம்மாள் இல்லை, வாத்தியார் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தக் கற்பூரம் கரைந்துபோய் வெகுநாள் ஆகிவிட்டது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளில் நாடகத்தோடு வானொலி, அப்புறம் சினிமாவில் குழந்தைகளுக்குக் குரல் கொடுப்பது என்று பிழைப்பு சென்னைக்கு மாறியது. ஒரு நாள் ஒரு சின்ன ஸ்டூடியோவில் கூப்பிட்டார்கள். சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் காட்டுகிற பல்பொடி விளம்பரம், கார்ட்டூன். பூனைக்குப் பல்வலி, பல்பொடி விற்கிற எலி. எலிக்கு நான் பேசவேண்டும்.

நானும் விதவிதமான எலியைக் காட்டினேன். அப்பா சொல்லிச் சொல்லி மனதில் பதிந்துவிட்டதால் கண்ணியமான எலியைத்தான் முதலில் காட்டினேன். அந்த எலி தோளை உயர்த்திக்கொண்டு பேசியது. படமெடுத்த தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். படத்தை ஓட்டிக் காட்டுகிற இயந்திரம் மெல்லிய பலகைத் தடுப்புக்குப் பின்னால் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. சலிப்பில், எதையும் யோசிக்காமல், அந்தச் சத்தத்துக்கு நடுவில் நுழைகிற மாதிரி கீச்சென்று ஒரு கத்து கத்தினேன். தம்பி துள்ளி எழுந்து, "மேடம், இந்த எலிதான்!" என்றார்.

இதை நான் ஊரில் சொல்லவேயில்லை. அந்த அம்மாள் எங்கே, எலி எங்கே? பெயரும் போடவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான்.

அடுத்து நடந்ததை அம்மா எனக்குச் சொன்னாள். ஓர் அமாவாசைக்குப் பக்திப்படம் பார்க்க அப்பாவும் அம்மாவும் தெருக்காரர்களோடு போயிருக்கிறார்கள். விளக்கை அணைத்ததும் திரையில் எலி வந்து கத்தியது. ஆண்கள் பக்கம் தரை டிக்கெட்டில் ஒருவர் சடாரென்று எழுந்து நின்றார். பின்னாலிருந்தவர்களுக்கு எலி மறைந்துபோய் அவர் தலைதான் தெரிந்தது.

"யோவ், குந்துயா!" என்று கூச்சல்.

"டேய், அது என் பொண்ணுடா!"

"எது? அந்த எலியா?"

"எலிதான்டா! என் தறி ஓரத்துல குந்திக்கினு அத்தினி வருசம் இப்டித்தான கத்திக்கினு இருந்தா! எனக்குத் தெரியாதா என் பொண்ணு கொரலு?"

இதை அம்மா சொன்னபோது நான் சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்து அழுதேன். நல்ல வேளை, அன்றைக்கு முந்தானை கையில் இருந்தது.

மூக்கைச் சிந்திய பெண்ணே, உனக்குச் சொல்கிறேன். ஊருக்கு உன்னைத் தெரியாமல் போகலாம். நீ யாரையோ போலப் பேசிய குரலுக்கு யாரோ மாலை வாங்கிக்கொண்டு போகலாம். போகட்டும். உன்னுடையது என்று ஒரு குரல் இருக்கிறது பார், அதை நீ முயலுக்குள் ஒளித்து வைத்தாலும், கேட்கவேண்டிய ஒருவர் எழுந்து நிற்பார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு புது வழக்கம் வந்தது. தறி நிற்கிற அமாவாசைதோறும் தனியாகக் கொட்டகைக்குப் போவார். டிக்கெட் வாங்கி உள்ளே உட்காருவார். எலி வந்து பல்பொடி விற்றுவிட்டுப் போகும். படம் ஆரம்பித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். டிக்கெட் கிழிக்கிறவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டார். ஊருக்குப் போயிருந்தபோது நானே கேட்டேன்.

"ஏம்பா, காசு குடுத்து உள்ள போறீங்க. குந்திப் படத்தையும் பாத்துட்டு வந்தா இன்னா?"

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார், இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி.

"படத்துல நீ இல்லியேம்மா."